வாக்குச் சீட்டும் நான்கு தகா வழிகளும்

(தம்ம வகுப்புப் பாடம்)

தேர்தல் நெருங்குந்தோறும் நம் ஞாயிற்றுக்கிழமைத் தம்ம வகுப்பில் ஒரு வினா எழுவது வழக்கமாகிவிட்டது. பௌத்தராகிய நாம் எவருக்கு வாக்களிப்பது, நம் தருமத்தை மதிப்பவர் எவர், நம் சங்கம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாரும் ஒரே முகமாய் வாக்களித்துவிடலாமே என்று உபாசக உபாசிகைகள் கேட்கின்றனர். கேட்பவர்களுள் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்போர் உளர். கரமனையில் வீட்டு வேலை செய்யும் தாய்மார் உளர். அரசாங்க அலுவலில் இருப்போரும் உளர். இவர்கள் அறியாமையால் கேட்கின்றனர் என்று நாம் கருதவில்லை. நாயர் சங்கத்தார் என்ன சொல்கின்றனர், ஆயர் இல்லத்தில் என்ன பேச்சு, ஈழவர் சங்கத் தலைவர் எப்பக்கம் சாய்கின்றார் என்பவை தேர்தல்தோறும் செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வரும் நகரம் இது. இங்கே நமக்கும் ஒரு சொல் வேண்டுமென்று தோன்றுவது இயற்கையே. ஆகையால் இவ்வினாவைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு, பகவன் அருளிய அளவுகோலையும், இந்நாட்டுச் சட்டத்தையும், இவ்வூர் வரலாற்றையும் அருகருகே வைத்து ஆராயப் புகுகின்றோம்.

சிகாலோவாத சூத்திரம் இல்லறத்தாருக்கு உரியது. அதில் பகவன், மனிதனைத் தீவினைக்கு இழுத்துச் செல்லும் நான்கு போக்குகளைக் கூறுகின்றார். பாலி மொழியில் அவற்றுக்கு ‘அகதி’ என்று பெயர். தமிழில் நாடிழந்து வந்தவரைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இங்கே கதி என்பது போக்கு. அகதி என்பது போகத்தகாத போக்கு. விருப்பினால் கோணுதல், வெறுப்பினால் கோணுதல், மயக்கத்தினால் கோணுதல், அச்சத்தினால் கோணுதல் என அவை நான்காம். சந்தம், தோசம், மோகம், பயம் என்று பாலியில் மனப்பாடம் செய்தவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இந்நான்குக்கும் வாக்களித்தலுக்கும் நேரான தொடர்பு உண்டென்பதைப் பலர் அறியார். விநயத்தில் சுல்லவக்கம் என்னும் பகுதியில், பிக்ஷு சங்கத்தில் எழுந்த வழக்கு பேசித் தீராதபோது பெரும்பான்மையை அறிவதற்குச் சலாகை எடுக்கும் முறை சொல்லப்பட்டுள்ளது. சலாகை என்பது சிறு குச்சி. அதனை வழங்குவதற்கு ஒரு பிக்ஷுவைச் சங்கம் நியமிக்கும். அவருக்கு வேண்டிய தகுதிகள் ஐந்து. அவற்றுள் நான்கு, மேற்சொன்ன நான்கு போக்குகளிலும் செல்லாதிருத்தல். ஐந்தாவது, எது எடுக்கப்பட்டது, எது எடுக்கப்படவில்லை என்பதை அறிந்திருத்தல். மறைவாக எடுத்தல், காதில் சொல்லி எடுத்தல், வெளிப்படையாக எடுத்தல் என முறைகளும் மூன்று. மறைவான முறையில், இருவேறு கருத்தினருக்கும் இருவேறு நிறக் குச்சிகள் செய்து, எந்நிறம் எக்கருத்துக்குரியது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கி, எடுத்ததைப் பிறருக்குக் காட்ட வேண்டாவென்றும் சொல்ல வேண்டும். இன்றைய வாக்குச் சாவடியில் அட்டை மறைப்புக்குப் பின்னே நாம் செய்வது இதுவன்றோ? (அதே நூலில், தருமத்துக்கு மாறானோர் தொகையால் மிகுந்துவிட்டால் எடுப்பு செல்லாதென்று தள்ளி மீண்டும் எடுக்கச் செய்யலாம் என்றும் உள்ளது. அது துறவியர் குழுவுக்குரிய விதி. அதனை நாட்டுக்கு ஏற்றச் சொல்பவரோடு நாம் சேரமாட்டோம்.)

1949 நவம்பர் 25 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள், பாராளுமன்ற நடைமுறைகளைப் பௌத்த சங்கங்கள் முன்னரே அறிந்திருந்தன என்று எடுத்துக்காட்டினார். அதே உரையில், சமயத்தில் பக்தி வீடுபேற்றுக்கு வழியாகலாம், ஆனால் அரசியலில் பக்தி இழிவுக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழி என்றும் எச்சரித்தார். இவ்விரண்டையும் ஒரே நாளில், ஒரே உரையில் அவர் சொன்னார் என்பது கவனித்தற்குரியது.

இனி இவ்வூரைப் பார்ப்போம். 1750 ஆம் ஆண்டில் மார்த்தாண்டவர்மா தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, அத்தெய்வத்தின் தாசராக நின்று ஆண்டார். அவர்க்குப் பின் வந்த அரசர்களும் பத்மநாபதாசர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டனர். நாடு தெய்வத்துக்குரியது, அரசர் அத்தெய்வத்தின் ஊழியர் என்றால், குடிகள் கேள்வி கேட்பது எவரை? 1888 இல் இங்கே சட்டசபை ஏற்பட்டது உண்மை. இந்தியச் சமஸ்தானங்களுள் முதலாவது அதுவே என்று பெருமை பேசுவதும் உண்மை. ஆயினும் பின்னர் வாக்குரிமை வந்தபோது அது நிலவரி கட்டுவோரிடமும் செல்வரிடமுமே நின்றது. மகாத்மா அய்யன்காளி 1911 இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குச் சென்றபோது எவரும் வாக்களித்து அனுப்பவில்லை, அரசாங்கம் நியமித்தது. நிலமற்ற மக்களுக்கு வாக்கு எங்கிருந்து வரும்?

1932 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலும் இந்நிலை மாறாமையால் ஈழவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் ஒன்றுகூடித் தேர்தலிலிருந்து ஒதுங்கினர். அதுவே நிவர்த்தனப் போராட்டம். 1935 இல் கோழஞ்சேரியில் பேசியதற்காக சி. கேசவன் சிறை சென்றார். அவரே பின்னர் 1951 இல் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சரானார். அதே 1935 அக்டோபரில் இயோலாவில் பாபாசாகேப், தாம் இந்துவாகச் சாவதில்லை என்று அறிவித்தார். திருவிதாங்கூரில் ஈழவருள் சிலர் கிறித்தவத்தையும், சிலர் இஸ்லாத்தையும், சிலர் நம் தருமத்தையும் எண்ணிப் பேசத் தொடங்கினர். 1936 நவம்பர் 12 இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1937 தேர்தலில் ஒதுக்கப்பட்டோர்க்கு இடங்கள் வரையறுக்கப்பட்டன.

இவ்வரலாற்றை நாம் விரிப்பதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் மக்கள் சமயம் சமயமாகத் தலை எண்ணக் கற்றது கடவுளன்பினால் அன்று. கதவு சமயத்தாலும் சாதியாலும் அடைக்கப்பட்டிருந்தமையால், திறக்கக் கேட்டவர்களும் அவ்வெண்ணிக்கையைக் கொண்டே கேட்க நேர்ந்தது. ஆகவே, நம் ஆள் எவர் என்று கேட்கும் ஏழையை வகுப்புவாதி என்று ஏசுவோர், நிலவரி ரசீது கைவசம் இருந்தவரின் பேரர்களாக இருக்கக் காண்கின்றோம்.

வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வந்தபின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. இக்கோயில் நகரத்து வாக்காளர் 1952 இல் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர் ஆனி மஸ்கரீன், இலத்தீன் கத்தோலிக்கப் பெண்மணி, சுயேச்சை. 1957 இல் அனுப்பியவர் ஈசுவர ஐயர், அவரும் சுயேச்சை. 1971 இல் வி. கே. கிருஷ்ண மேனன், 1977 இல் கம்யூனிஸ்டு எம். என். கோவிந்தன் நாயர். தெற்கே, முன்னர்த் திருவிதாங்கூரில் இருந்து 1956 நவம்பர் 1 இல் சென்னை மாகாணத்தோடு இணைந்த நாகர்கோவிலில், மார்ஷல் நேசமணி என்னும் கிறித்தவர் பின்னே இந்துக்களும் கிறித்தவர்களும் தமிழின் பொருட்டு ஒன்றாய் நின்றனர். அவர் மறைந்தபின் 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில், முந்திய தேர்தலில் விருதுநகரில் தோற்றிருந்த காமராசர் அங்கே போட்டியிட்டார். கிறித்தவர் மிகுந்த தொகுதி அது. எதிரே நின்ற டாக்டர் மத்தியாஸ் கிறித்தவர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்றுக் காமராசர் வென்றார். சமயம் ஒன்றே வாக்கை நடத்துமாயின் இது நடந்திராது.

சமயம் வாக்கை எக்காலும் நடத்துவதில்லை என்று சொல்லவும் முடியவில்லை. இங்கேதான் நான்கு தகா வழிகள் நமக்குத் துணையாகின்றன. வியப்பு யாதெனில், 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 123 ஆம் பிரிவை எடுத்து வாசித்தால், இந்நான்கில் மூன்றை அது பெயர் மாற்றித் தடுத்திருப்பதைக் காணலாம்.

அச்சத்தை முதலில் முடித்துவிடுவோம். இரண்டாம் உட்பிரிவு, ஒருவனுக்கு வாக்களித்தால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய், சமயத் தண்டனைக்கு ஆளாவாய் என்று அச்சுறுத்துதலைக் குற்றமாக்குகின்றது. பஞ்சாபில் நாம்தாரி சீக்கியரின் குரு, 1957 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு வாக்களிக்கும்படி தம் அடியார்க்கு ஆணை விடுத்தார். 1959 இல் உச்ச நீதிமன்றம் அவ்வெற்றி செல்லாதென்ற தீர்ப்பை உறுதி செய்தது. குரு என்பவர் தம் கருத்தைச் சொல்லலாம். ஆனால் மீறினால் பாவம் என்னும்படி ஆணையாகச் சொல்லலாகாது என்பதே அதன் கருத்து. அதே 1959 இல் கேரளத்தில் விமோசன சமரம் நடந்தது. 1957 ஏப்ரலில் பதவியேற்ற ஈ. எம். எஸ். அமைச்சரவை ஜூலை 31 இல் கலைக்கப்பட்டது. 1960 தேர்தலில் கத்தோலிக்க ஆயர்கள் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் தம் மக்களை வெளிப்படையாகவே திரட்டினர். கம்யூனிஸ்டுக் கட்சியின் இடங்கள் 60 இலிருந்து 29 ஆகக் குறைந்தன. அதன் வாக்கு விகிதமோ 35 இலிருந்து 39 ஆகக் கூடிற்று. கூட்டணியில் சேர்ந்து 11 இடங்கள் வென்ற முஸ்லிம் லீகுக்கு மந்திரி பதவி ஒன்றும் கொடுக்கப்படவில்லை. சபாநாயகர் நாற்காலி கொடுக்கப்பட்டது. வாக்குக் கேட்கும்போது இனிக்கும் சமயம், பதவி பங்கிடும்போது கசக்கும் போலும்.

விருப்பினால் கோணுதல் நமக்கு நெருங்கியது. மூன்றாம் உட்பிரிவு, சமயம், இனம், சாதி, மொழி இவற்றைச் சொல்லி வாக்குக் கேட்பதைத் தடுக்கின்றது. 2017 ஜனவரி 2 இல் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, நால்வர்க்கு மூவர் என்னும் பெரும்பான்மையால், இத்தடை வேட்பாளரின் சமயத்தை மட்டுமன்றி வாக்காளரின் சமயத்தையும் குறிக்கும் என்று தீர்த்தது. மாறுபட்ட மூவரோ, சமயத்தாலும் சாதியாலும் காலங்காலமாக ஒதுக்கப்பட்டோர் தம் குறையைத் தேர்தல் மேடையில் பேசவே கூடாதென்று ஆகிவிடலாகாது என்று கவலை தெரிவித்தனர். அவ்விருப்பத் தீர்ப்பையும் நம்மவர் படித்தல் நன்று. நம் பாட்டனார் குறை அதில் பேசப்படுகின்றது.

நம் ஆள் என்று ஒருவரைத் தேடினால் எத்தனை பேரைக் காண்போம்? 2011 கணக்கெடுப்பில் கேரளம் முழுதும் பௌத்தர் 5,000 க்கும் குறைவு. தமிழ்நாட்டில் 11,000 ஐச் சற்றுக் கடந்தவர். திருவனந்தபுரம் பாராளுமன்றத் தொகுதியில் மட்டும் வாக்காளர் 14 இலட்சத்துக்கு மேல். நம் ஆளும் தேர்தலில் நிற்பதற்கே நெடுங்காலம் தடையிருந்தது என்பதை இளைஞர் அறியார். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவல்லாதவர் பட்டியல் சாதியாராகக் கருதப்படார். நாகபுரியில் டாக்டர் மேஷ்ராம் என்பவர் 1962 தேர்தலில் ஒதுக்கப்பட்ட தொகுதியில் வென்றார். அவர் 1957 லேயே பௌத்தம் தழுவியவர் என்று வழக்குத் தொடரப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை சென்று, அவர் பௌத்தரே, ஆகையால் அத்தொகுதியில் நிற்கத் தகுதியிலர் என்று முடிந்தது. ஒரு மனிதர் திரிசரணம் சொன்னதனால், மக்கள் அளித்த தேர்வு கைவிட்டுப் போயிற்று. 1956 இல் சீக்கியர்க்கும், 1990 இல்தான் பௌத்தர்க்கும் அவ்வாணை திருத்தப்பட்டது.

கிறித்தவம் தழுவிய பட்டியல் சாதியார்க்கு அத்திருத்தம் வரவில்லை. மலையில் தேயிலைத் தோட்டத் தமிழர் மிகுந்த தேவிகுளத்தில் 2021 இல் வென்ற ஏ. ராஜாவின் தேர்வை, அவர் கிறித்தவர் என்று சொல்லிக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் நீக்கியது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி அவர் தேர்வு செல்லும் என்றது. ஞானஸ்நானப் பதிவேடும், திருமணத்தில் கட்டியது தாலியா சிலுவையா என்பதும் சாட்சியாகப் பேசப்படும் நாட்டில், சமயம் தனிமனிதரின் அந்தரங்கம் என்று எளிதாகச் சொல்லிவிட இயலுமோ? தேவிகுளத்து வாக்காளர் அவரிடம் கேட்டிருக்கக்கூடியது கூலி, வீட்டுப் பட்டா, காட்டு யானை. நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது வேறு.

வெறுப்பினால் கோணுதலை 1961 இல் சேர்த்த 3-ஏ உட்பிரிவு தடுக்கின்றது. 1982 மார்ச்சு 1 இல் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் குமரி மாவட்டத்தைப் பிளந்தது. ஈராண்டு கழித்து 1984 இல், பத்மநாபபுரத்தில் இந்து முன்னணியைச் சேர்ந்தவர் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு திருவனந்தபுரம் பாராளுமன்றத் தொகுதியில் இந்து முன்னணி நிறுத்திய கேரளவர்ம ராஜா ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். வென்றவர் ஏ. சார்லஸ் என்னும் காங்கிரசுக்காரர். நேசமணி பின்னே ஒன்றாய் நின்ற ஊர்களும், ஆனி மஸ்கரீனை அனுப்பிய நகரமும் இவையே. மக்கள் மாறவில்லை, அவர்கள் காதில் ஓதப்பட்டது மாறிற்று.

இதனைப் படிக்கும் நம்மவர், இது பிற சமயத்தார் கதை என்று அமைதி கொள்ளலாகாது. கடலுக்கு அப்பால் நம் தருமம் பெரும்பான்மையாய் வாழும் இலங்கையைப் பாருங்கள். 1956 தேர்தலில் பிக்ஷுக்கள் ஊர் ஊராய்ச் சென்று பண்டாரநாயகாவுக்கு வாக்குத் திரட்டினர். அவர் ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து பௌத்தரானவர். நம்மைப் போன்றவரே என்று அன்றிருந்த பௌத்தர் எத்தனை மகிழ்ந்திருப்பர்! வென்ற சில மாதங்களுக்குள் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. தமிழர்க்கு நேர்ந்ததை நாம் சொல்ல வேண்டுவதில்லை. 1959 செப்டம்பர் 25 இல் சோமராமர் என்னும் பிக்ஷு அவர் வீட்டுக்கே சென்று அவரைச் சுட்டார். மறுநாள் அவர் இறந்தார். அச்சதியில் தண்டனை பெற்றவருள் களனி விகாரையின் தலைவரான புத்தரக்கித்தரும் ஒருவர். அவர் 1956 இல் பண்டாரநாயகாவின் வெற்றிக்கு முன்னின்று உழைத்தவர். காவியுடை அணிந்தவர் சொன்ன பெயர் என்பதனால் ஒரு பெயர் நல்லதாகிவிடுமென்று எண்ணுவோர், இம்மூவாண்டுக் கதையைப் படித்துவிட்டு வரட்டும். நாம் தமிழராயும் பௌத்தராயும் இருப்பவர். அக்கதையின் இரு பக்கத்துக் காயமும் நம்முடையது.

இன்னொரு வெறுப்பும் உண்டு. அது நம் வீட்டுக்குள்ளேயே இருப்பது. நெற்றியில் சந்தனம் கண்டவுடன், இவர் நம் முன்னோரைக் குளத்தில் இறங்கவிடாதவர் குலம் என்று உள்ளம் சுருங்குகின்றது. காயம் உண்மையானது. ஆயினும் அவ்வேட்பாளர் குடிநீர்க் குழாய்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன செய்தார் என்று கேளாமலே தள்ளினால், எடுத்த சலாகையைத் தோசம் எடுத்ததாகுமேயன்றி நாம் எடுத்ததாகாது.

இனி மயக்கம். இதற்கு மட்டும் சட்டத்தில் பிரிவு இல்லை, இருக்கவும் முடியாது. பக்தியுடையவர் நேர்மையுடையவராய்த்தான் இருப்பார் என்று ஒருவர் தம் உள்ளத்துக்குள் எண்ணிக்கொண்டால் எந்த நீதிமன்றம் அதனைத் தடுக்கும்? இந்நான்காம் வழியே மற்ற மூன்றுக்கும் வேர் என்பது நம் துணிபு.

நாம் நூற்பாலையில் கதிர்களுக்கிடையே நின்ற காலத்தில் தொழிற்சங்கத் தேர்தல் நடக்கும். எவரை நிறுத்துவது என்று மூன்று ஷிப்டுக்காரரும் டீக்கடையில் நின்று பேசுவர். நூல் அறுந்ததற்கெல்லாம் தொழிலாளியின் கையைக் குறை சொல்லும் மேஸ்திரியிடம் எவர் எதிர்த்துப் பேசினார்? போனஸ் பேச்சுக்குப் போய்விட்டு வந்தவர்களுள் உள்ளே நடந்ததை அப்படியே வெளியே சொன்னவர் எவர்? பஞ்சுத் தூசியால் இருமிக் கிடந்தவர் வீட்டுக்குச் சந்தாப் பணம் கொண்டுபோய்க் கொடுத்தவர் எவர்? இவையே கேள்விகள். சந்தனம் பூசியவரும் வென்றார். சிலுவை அணிந்தவரும் வென்றார். தொப்பி வைத்தவரும் வென்றார். ஒன்றும் இல்லாதவரும் வென்றார். அதே தொழிலாளர் சட்டசபைத் தேர்தல் வந்தவுடன் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தனர். இதனை நாம் நெடுநாள் சிந்தித்ததுண்டு. ஆலைக்குள் நின்றவரை அவர்கள் நாள்தோறும் கண்டனர். ஆகவே செயலால் அளந்தனர். வெளியிலிருந்து ஜீப்பில் வந்து கும்பிட்டவரை அறியார். ஆகவே குறியால் அளந்தனர். அறிவு இல்லாத இடத்தில் சமயம் அறிவின் வேலையைச் செய்ய வந்து நிற்கின்றது. பிறர் ஒருவரைப் பற்றி அறிய வழியில்லாத ஏழைக்கு அது கைக்கு எட்டும் அடையாளம், அவ்வளவே.

பழந்தமிழரும் இம்மயக்கத்துக்கு விலக்கல்லர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. நிலம், சொந்த மனை, வயது இவற்றோடு வேதப் பயிற்சியும் வேட்பாளருக்குரிய தகுதி. அது பிராமணர் ஊர்; அவர்க்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் அதனை எல்லாத் தமிழர்க்கும் உரிய குடியாட்சி என்று மேடையில் முழங்குவோர் அவ்வொரு வரியை விட்டுவிட்டு முழங்குகின்றனர். வள்ளுவரோ ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தும், ஆளைத் தெளிவதற்கு இன்ன தெய்வத்தைத் தொழுபவனா என்று பார்க்கும்படி எங்கும் சொல்லவில்லை.

2019 ஏப்ரல் 15 இல் நம் தம்பானூர் காந்தாரி அம்மன் கோவிலில் வேட்பாளர் சசி தரூர் துலாபாரத் தட்டில் அமர்ந்திருந்தபோது தராசின் இரும்புக் கொக்கி அறுந்து தலையில் விழுந்து காயம் பட்டது. தையல் போட வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சி மந்திரி நிர்மலா சீதாராமன் மருத்துவமனைக்கே சென்று நலம் விசாரித்தார். அப்பண்பு போற்றத்தக்கது. துலாபாரம் அவரவர் நம்பிக்கை; அதனை நாம் எள்ளுவதில்லை. அத்தட்டில் நிறுக்கக் கூடியது உடலின் எடையே என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவர் 2014 இல் 15,470 வாக்குகளாலும், 2019 இல் 99,989 வாக்குகளாலும், 2024 இல் 16,077 வாக்குகளாலும் இங்கே வென்றார். மூன்று தேர்தலிலும் அவர் சமயம் ஒன்றே. அங்ஙனமே, 2018 செப்டம்பரில் வந்த சபரிமலைத் தீர்ப்புக்குப் பின் 2019 இல் இடதுசாரிகள் 20 பாராளுமன்ற இடங்களில் ஒன்று மட்டுமே பெற்றனர். ஐயப்ப பக்தர் தண்டித்துவிட்டனர் என்றனர் பலர். 2021 இல் அதே இடதுசாரிகள் 140 இல் 99 இடங்கள் பெற்றனர். பக்தி இரண்டாண்டில் கரைந்ததோ?

கட்சிகளும் இம்மயக்கத்துக்குத் தப்பவில்லை. 2014 இல் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி, சமயம் வேண்டாவென்னும் கட்சி, தென்னிந்தியத் திருச்சபை நடத்தும் மருத்துவக் கல்லூரியோடு தொடர்புடைய ஒருவரை இத்தொகுதியில் நிறுத்திற்று. தெற்குப் பகுதி கிறித்தவ நாடார் வாக்கு வந்துசேரும் என்னும் கணக்கே அதற்குக் காரணமென்று ஊரெங்கும் பேசினர். மூன்றாம் இடமே கிடைத்தது. பின்னர் அக்கட்சியே விசாரணை நடத்தித் தன் தலைவர் சிலர் மேல் நடவடிக்கை எடுத்தது.

கடற்கரையைப் பற்றி ஒரு சொல். பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் மக்கள் ஒருமுகமாய் வாக்களித்தால், பாதிரியார் சொன்னார், அவர்கள் போட்டனர் என்று நகரத்தார் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் இக்கடற்கரை எத்தனை ஆடவரை இழந்தது! கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறைச் சிமெண்டுக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் துணித் தடுப்புக்குள் குடியிருந்தன. 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை துறைமுகத்துக்கு எதிரே நடந்த போராட்டத்துக்கு இலத்தீன் மறைமாவட்டம் தலைமை தாங்கிற்று. ஏனெனில் அம்மக்களுக்குப் பேச வேறு வாய் இருந்ததில்லை. வீடு வேண்டும் என்னும் வாக்கைச் சிலுவை வாக்கு என்று எண்ணுவதும் மோகமே. அது வாக்களித்தவரின் மோகம் அன்று, எண்ணுகின்றவரின் மோகம்.

மயக்கத்தை நீக்கச் சட்டம் ஒரு கருவி தந்துள்ளது. 2002, 2003 ஆம் ஆண்டுகளில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் பயனாக, ஒவ்வொரு வேட்பாளரும் தம்மேல் உள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி இவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். படிவம் 26 என்பது அதன் பெயர். எவரும் வாங்கிப் படிக்கலாம். அதில் சமயத்துக்கென்று ஓர் இடமும் இல்லை. வென்றபின் எடுக்கும் பதவிப் பிரமாணத்திலும் கடவுள் பெயரால் எடுப்பதா, உளமார உறுதி கூறுவதா என்பது அவரவர் விருப்பமே.

இனி, வகுப்பில் எழுந்த வினாவுக்கு விடை. நம் சங்கம் எப்பெயரையும் சொல்லாது. எண்ணிக்கை சிறிது என்பது இதற்குக் காரணமன்று. 5,000 க்குப் பதில் 5 இலட்சம் பேராய் இருப்பினும் சொல்லாது. சலாகை வழங்குபவர், வழங்கும் கையாலேயே இதனை எடு என்று காட்டுவது விநயத்துக்குப் பொருந்தாது. பாளையத்தில் பள்ளிவாசலும் மாதாகோயிலும் கணபதி கோயிலும் அருகருகே இருப்பதால் மூன்று வாயிலிலும் கும்பிட்டுச் செல்லும் வேட்பாளர், நம் வாயிலுக்கும் வரலாம். எக்கட்சியார் வரினும் பாய் விரித்து அமரச் செய்வோம். பகவன் திருவுருவத்தின் முன் அவரை நிறுத்திப் படம் எடுக்கவும், மாலை மாற்றவும் இடம் தருவதில்லை. கூடத்தில் அமர்ந்து, பட்டா, குழாய்நீர், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், தமிழ்வழிப் பள்ளிக்கு ஆசிரியர் ஆகியவற்றை ஒவ்வொன்றாய்க் கேட்போம். அவர் சொன்ன விடையை அவர் முன்னிலையிலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். சென்ற முறை வந்தவர் சொன்னவையும் அதே குறிப்பேட்டில் உள்ளன. அவற்றையும் எடுத்துப் படித்துக் காட்டுவோம்.

வேட்புமனுக்கள் ஏற்கப்பட்ட பின்வரும் ஞாயிறன்று, எல்லா வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரங்களும் வகுப்பில் வாசிக்கப்படும். அவை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், தமிழில் எழுதிவரும் பொறுப்பை இளைஞர் இருவர் ஏற்றுள்ளனர். காது மந்தமான மூத்தோர் முன்வரிசையில் அமரலாம். வாசிப்பு முடியும் வரை எவரும் தம் கருத்தைச் சொல்ல வேண்டா. முடிந்தபின் சிகாலோவாத சூத்திரத்தில் நான்கு போக்குகள் உள்ள பகுதியை எல்லாரும் சேர்ந்து ஓதிக் கலைவோம்.